கட்டைப் பிரிக்கும் நேரம்

என் தங்கையின் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, அவள் மேசை விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்ததில், அப்போதுதான் ஊற்றி வைத்திருந்த பிளேன்ரீ அவளுடைய இடது முன்கையில் கவிழ்ந்தது. செய்தி கேட்டு நான் பாடசாலையிலிருந்து ஓடிச் சென்றபோது, பக்கத்து வீட்டார் பதற்றத்தில் அந்தக் கையில் பற்பசையைத் தடிப்பாகப் பூசி வைத்திருந்தார்கள். குழாயடியில் அவளை மடியில் இருத்தி, ஓடும் தண்ணீரின் கீழ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பசை கரையக் கரைய அதன் அடியிலிருந்து சிவந்த தோலும், மணிக்கட்டுக்கு மேலே ஒரு பெரிய நீர்க்கொப்புளமும் வெளிப்பட்டன. சுட்ட இடத்தை, முடிந்தவரை உடனேயும் பிந்தினால் மூன்று மணித்தியாலத்துக்குள்ளும், குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பதும், பனிக்கட்டியோ வெண்ணெயோ பற்பசையோ கூடாது என்பதும் எனக்குத் தெரிந்தவைதான். அவற்றை வீட்டிலிருந்த ஒருவருக்கும் முன்னரே சொல்லி வைக்காமல் இருந்தேனே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஒருவருடைய உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அந்தக் கணக்கில் எங்கள் பிள்ளையின் காயம் இரண்டு சதவீதத்துக்கு மேற்படாது. தோலின் மேற்படை போய், உட்படையின் ஒரு பகுதி மட்டும் வெந்த காயம் என்றும், தோல் ஒட்டத் தேவையில்லை, தானாக ஆறும் என்றும் வைத்தியர் சொன்னபோது எல்லோரும் பெருமூச்சு விட்டோம். ஆனால் உண்மையான துன்பம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்பதை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்ட அவளைத் தூக்கிச் சென்ற நான் அறிவேன்.

கட்டைப் பிரிக்கும் அந்த நேரத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது. தாதி மிகவும் பொறுமையானவர். கோஸ் துணியின் ஒரு மூலையைச் சாமணத்தால் மெல்ல உயர்த்துவார்; சிரிஞ்சியிலிருந்து உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்; ஊறும்வரை காத்திருப்பார்; பிறகு அரை விரலளவு மட்டும் உரிப்பார். துணி முழுவதும் வந்த பின்னரும் வேலை முடிவதில்லை. முந்தைய தடவை பூசிய வெள்ளைக் கிறீம், காயத்திலிருந்து ஊறிய நீரோடு சேர்ந்து, மஞ்சளும் சாம்பலும் கலந்த ஓர் ஆடையாகப் புண்ணின் மேல் படிந்திருக்கும். அதைத் துடைத்து எடுத்தால்தான் கீழே புண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியும். துடைக்கும்போது புதிதாக முளைத்த மெல்லிய தோலும் சில இடங்களில் கூடவே வந்துவிடும். மூன்றாவது தடவைக்குப் பிறகு பிள்ளை, பஸ் வைத்தியசாலை இருந்த வீதியில் திரும்பும்போதே அழத் தொடங்கினாள். “இண்டைக்கும் கழட்டுவாங்களா பெரியம்மா?” என்று அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிப்பவள், வைத்தியர் அல்ல. ஆனாலும் அந்த வெள்ளைக் கிறீம் என்ன, அது ஏன் அப்படி ஒட்டிக்கொள்கிறது என்று தேடத் தொடங்கியதுதான், மூலிகைச் சாற்றில் உருவாக்கப்படும் வெள்ளி நனோ துணிக்கைகளையும் அவற்றைக் கொண்டு தயாரிக்கப்படும் ஜெல்களையும் பற்றிய ஆய்வுகளில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவற்றைப் படித்து முடித்தபோது என் மனதில் நின்றது ஒன்றுதான். இந்த ஜெல்களின் பெறுமதியைப் பற்றீரியா வளர்க்கும் பெத்திரிக் கிண்ணத்தில் மருந்தைச் சுற்றி அவை அழிந்த வளையத்தின் விட்டத்தைக் கொண்டு அளப்பது போதாது. கட்டைப் பிரிக்கும் நேரத்தில் அவை என்ன செய்கின்றன என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

எரிகாயத்துக்கு வெள்ளி புதிய மருந்து அல்ல. பிறந்த குழந்தைகளின் கண்களில் தொற்று வராமல் தடுக்க, 1880 அளவில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற வைத்தியர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சொட்டாக இட்டார். 1965இல் அமெரிக்காவில் கார்ல் மொயரும் அவருடைய குழுவினரும், பெரிய எரிகாயங்களை 0.5 சதவீத வெள்ளி நைத்திரேற்றில் நனைத்த கட்டுகளால் மூடித் தொற்றைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார்கள். அந்த முறை உயிர்களைக் காப்பாற்றியது. கட்டில், விரிப்பு, தாதியின் கை என்று தொட்டதையெல்லாம் கறுப்பாக்கவும் செய்தது. அதைவிடப் பெரிய சிக்கல், நோயாளியின் உடலிலிருந்து சோடியத்தையும் குளோரைட்டையும் அது வெளியே இழுத்துவிட்டதுதான். 1968இல் சார்ள்ஸ் பொக்ஸ் என்பவர் வெள்ளியைச் சல்பாடயசீன் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு பிணைத்து, வெள்ளி சல்பாடயசீன் கிறீமை உருவாக்கினார். எங்கள் பிள்ளையின் கையில் பூசப்பட்டது அதன் ஒரு சதவீதக் கிறீம்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் எண்ணற்ற எரிகாய நோயாளிகளை அது தொற்றிலிருந்து காத்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு அதன் குறையை மட்டும் பேசுவது நன்றிகெட்ட செயலாகும். இருந்தாலும், மேலோட்டமான எரிகாயங்களிலும் பகுதி ஆழக் காயங்களிலும் அது புதிய தோல் மூடுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதும், புதிய வகைக் கட்டுகளோடு ஒப்பிடும்போது அது பின்தங்குகிறது என்பதும், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடுகள் சொல்லும் முடிவு.

இந்த இடத்தில்தான் நனோ துணிக்கை உள்ளே வருகிறது. தமிழ்நாட்டு இதழ்களில் நானோ துகள் என்று எழுதுவதும் இதைத்தான். ஒரு நனோமீற்றர் முதல் 100 நனோமீற்றர் வரை பருமனுள்ள துணிக்கைகளை இந்தப் பெயரால் அழைக்கிறோம். ஒரு கன சென்ரிமீற்றர் வெள்ளிக் கட்டியின் புறப்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர். அதே கட்டியைப் பத்து நனோமீற்றர் பக்கமுள்ள சிறு கனங்களாக வெட்டினால் மொத்தப் புறப்பரப்பு 600 சதுர மீற்றராகிவிடும். எங்கள் கணக்கில் சொல்வதானால், சீனிக்கட்டி அளவு வெள்ளி ஏறத்தாழ 24 பேர்ச் காணியாக விரிந்துவிடுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், பின்வாங்கில் தூங்கி வழியும் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்வதைக் கண்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய மேற்பரப்பிலிருந்து வெள்ளி அயன்கள் மெல்ல மெல்ல, நீண்ட நேரத்துக்கு வெளியேறுகின்றன. அவை பற்றீரியாவின் புரதங்களிலுள்ள கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொள்கின்றன, கலமென்சவ்வைக் குலைக்கின்றன, உள்ளே சென்று சுவாசத்துக்கான நொதியங்களையும் முடக்குகின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிப்பதால், ஓரிடத்தை மட்டும் தாக்கும் மருந்துகளைவிட இதற்கு எதிர்ப்பு உருவாவது கடினம். கடினம் என்றுதான் எழுதியிருக்கிறேன். முடியாது என்று எழுதவில்லை. 1975இலேயே பொஸ்ரன் நகரத்து எரிகாயப் பிரிவொன்றில் வெள்ளிக்கு அடங்காத சல்மொனெல்லா பற்றீரியா கண்டறியப்பட்டிருக்கிறது.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவர்கள் மூவர் தங்கள் செயற்றிட்டத்துக்கு இந்தப் பொருளையே தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் பாடசாலை வளவில் நிற்கும் வேம்பின் இலைகளைக் கழுவி, நறுக்கி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்து, இளமஞ்சள் சாறு எடுத்தார்கள். ஒரு லீற்றர் நீரில் 0.17 கிராம் வெள்ளி நைத்திரேற்றைக் கரைத்தால் ஒரு மில்லிமூலர் கரைசல் கிடைக்கும். அதில் ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு சாறு சேர்க்க வேண்டும். அன்று ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோயிருந்தது. திருக்கடலூரிலிருந்து வரும் மாணவன், தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவானது என்று சொல்லி ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தான். வெள்ளி நைத்திரேற்றுப் பளிங்கை அதில் போட்டதுதான் தாமதம், முகவை முழுவதும் தேங்காய்ப்பூவின் மூன்றாம் பாலைப் போல வெளிறிப் போயிற்று. யன்னலோரம் வெயிலில் வைத்திருந்த அந்தப் பால், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா கலந்த சாம்பல் நிறமாக மாறியது.

கடலுக்கு அருகிலுள்ள கிணறு அது. நாக்குக்குத் தெரியாத உப்பு வெள்ளிக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளி அயனும் குளோரைட்டும் சந்தித்த உடனேயே நீரில் கரையாத வெள்ளி குளோரைட்டாகப் படிந்துவிடுகின்றன. நான் வழக்கமாகப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கும் அலசற் சோதனையே இது. ஆனால் அந்த முகவையைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று விளங்கியது. எரிகாயத்திலிருந்து ஊறும் நீரும் குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையத்திலிருந்து வருவதுதான். அதில் லீற்றருக்கு ஏறத்தாழ 100 மில்லிமூல் குளோரைட்டு இருக்கிறது. எங்கள் கரைசலிலுள்ள வெள்ளியைப் போல நூறு மடங்கு. அப்படியானால் புண்ணின் மேல் வெறும் வெள்ளி அயனைக் கொண்டுபோய் ஊற்றுவது, உவர்க் கிணற்றில் ஊற்றுவதைப் போன்றதே. மொயர் நாளெல்லாம் கட்டுகளை நனைத்துக்கொண்டே இருக்க நேர்ந்ததற்கும், கிறீமைத் திரும்பத் திரும்பப் பூச நேர்வதற்கும் இது ஒரு காரணம். வெள்ளியைத் துணிக்கையாக வைத்துச் சிறிது சிறிதாக அயனை விடுவிக்கும் முறையின் சிறப்பும் இதில்தான் இருக்கிறது. 1990களில் கனடாவில் றொபேட் பரெல் உருவாக்கிய அக்ரிகோட் என்ற நனோபளிங்கு வெள்ளிக் கட்டு, ஒருமுறை வைத்தால் மூன்று நாள்வரை இருக்கக்கூடியது. அதை நனைப்பதற்கு உப்புநீரைப் பயன்படுத்தக் கூடாது, கிருமி நீக்கிய வெறும் நீரையே பயன்படுத்த வேண்டும் என்ற அறிவுறுத்தலை முன்பு படித்தபோது அதன் காரணம் எனக்குப் பிடிபடவில்லை; திருக்கடலூர்க் கிணறுதான் அதைப் பிடிபட வைத்தது.

அடுத்த நாள் மருந்தகத்திலிருந்து காய்ச்சி வடித்த நீர் வாங்கி வந்து மறுபடியும் செய்தோம். இம்முறை வெண்மை எதுவும் தோன்றவில்லை. இளமஞ்சளாக இருந்த கலவை, மதிய இடைவேளைக்குள் பிளேன்ரீயின் நிறத்துக்கும், மாலைக்குள் கடும் கபிலத்துக்கும் மாறியது. வெள்ளி என்ற பெயருக்கும் இந்த நிறத்துக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்தப் பருமனில் துணிக்கையின் மேற்பரப்பிலுள்ள இலத்திரன்கள் ஒன்றாக அலைந்து, 400 முதல் 450 நனோமீற்றர் வரையான நீல ஊதா ஒளியை உறிஞ்சுவதால், எஞ்சிய ஒளி மஞ்சளாகவும் கபிலமாகவும் நம் கண்ணுக்கு வருகிறது. நிறம் மாறியதே துணிக்கை பிறந்ததற்கு முதல் அடையாளம். வேப்பிலைச் சாறு செய்தது இரண்டு வேலை. அதிலுள்ள பீனோலிக்குச் சேர்வைகளும் பிளேவனொயிட்டுகளும் தெர்ப்பீன்களும் வெள்ளி அயனுக்கு இலத்திரனைக் கொடுத்து அதைத் தாழ்த்துகின்றன. பிறகு, பிறந்த துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாதபடி அவற்றைச் சுற்றிப் போர்வையாகவும் நிற்கின்றன. முரளி சாஸ்திரியின் குழுவினர் இந்தியாவின் பூனேயில் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு இதைச் செய்து 2004இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு சோற்றுக் கற்றாழை, துளசி, மஞ்சள், வல்லாரை என்று நம் வேலியோரத்தில் நிற்கும் ஒரு செடியையும் ஆய்வாளர்கள் விட்டு வைக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

ஜெல்லுக்குக் கார்போமர் என்ற வெண்தூளைக் கொழும்பில் கிறீம் செய்வோருக்குப் பொருள் விற்கும் கடையொன்றிலிருந்து எடுப்பித்தோம். அதை நீரில் கலக்கினால் புளிப்புத்தன்மையுள்ள, கஞ்சித் தண்ணீரைப் போன்ற கலங்கல்தான் வரும். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நடுநிலைக்குக் கொண்டுவரும்போது, ஒரு கட்டத்தில் அது சட்டென்று இறுகித் தெளிந்து நுங்குபோலாகிவிடும். அதில் எங்கள் கபிலக் கரைசலைச் சம பங்காகக் கலந்தபோது தேன் நிறத்தில் ஓர் ஒளிபுகும் ஜெல் கிடைத்தது. விரலால் தொட்டால் குளிர்ச்சி; குழாயடியில் பிடித்தால் தேய்க்காமலே வழுக்கி இறங்கிவிட்டது. கிண்ணியாவிலிருந்து வரும் மாணவியின் புறங்கையில், முந்தைய வாரம் அடுப்பில் பட்ட சிறு சூட்டுக் காயம் இருந்தது. “ரீச்சர், இதில கொஞ்சம் பூசிப் பாக்கட்டா?” என்று அவள் ஆர்வத்தோடு கேட்டாள். நான் போத்தலை மூடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அவள் முகம் வாடியது. அதனால், ஏன் என்று அவர்களை உட்கார வைத்துக் கணக்காகவே காட்டினேன். வெள்ளி சல்பாடயசீனின் திணிவில் 30 சதவீதம் வெள்ளி. ஆகவே ஒரு சதவீதக் கிறீமின் ஒரு கிராமில் ஏறத்தாழ மூன்று மில்லிகிராம் வெள்ளி இருக்கிறது. எங்கள் ஜெல்லின் ஒரு கிராமில், வெள்ளி முழுவதும் துணிக்கையாக மாறியிருந்தாலும், 0.05 மில்லிகிராம்தான். அறுபதில் ஒரு பங்கு. இவ்வளவு குறைந்த வெள்ளியோடு வேலை செய்ய முடியுமானால் அது இந்த முறையின் பெரும் வெற்றி. ஏனென்றால் வெள்ளி பற்றீரியாவை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்வதில்லை, புதிதாக முளைக்கும் நம் தோற்கலங்களுக்கும் அது நஞ்சு. ஆனால் எங்கள் துணிக்கைகளின் பருமன் என்ன, மாறாமல் எஞ்சிய வெள்ளி நைத்திரேற்று எவ்வளவு, அவித்த சாற்றிலிருந்து என்னென்ன கிருமிகள் போத்தலுக்குள் வந்தன என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பாடசாலை ஆய்வுகூடத்தில் விடை காண வழியில்லை. பருமனை அறிய இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். தோல் உரிந்த புண்ணுக்கு முழுத் தோலின் காவல் கிடையாது. அதன் மேல் வைப்பது கிருமி நீக்கியதாக இருந்தே ஆக வேண்டும்.

இதே கண்டிப்பைக் கடைப் பொருள்களிடமும் நாம் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அண்மையில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து உறவினர் ஒருவர் மூலிகை வெள்ளி ஜெல் என்று ஒன்றை வாங்கி என்னிடம் காட்டினார். பெட்டியில் வேப்பிலைப் படமும் கற்றாழைப் படமும் பெரிதாக இருந்தன. ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம் வெள்ளி என்று மட்டும் எங்கும் இல்லை. எழுதிக் கேட்டதற்கு, முழுவதும் இயற்கையானது, பயப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. அது பதில் ஆகாது. பசுமை முறை என்ற சொல், வெள்ளியைத் தாழ்த்துவதற்குக் கடுமையான இரசாயனத்துக்குப் பதிலாக இலைச்சாறு பயன்பட்டது என்பதைத்தான் குறிக்கிறது. உள்ளே இருப்பது வெள்ளியேதான். பெரிய காயத்தில் நீண்ட நாள் வைத்தால் அது உடலுக்குள் ஏறும். 2006இல் வெளிவந்த ஒரு மருத்துவ அறிக்கையில், உடலில் 30 சதவீதம் எரிந்த 17 வயது இளைஞர் ஒருவருக்கு, வெள்ளிக் கட்டுகளால் சிகிச்சை அளிக்கப்பட்டபோது, முகம் சாம்பல் பூத்து, ஈரல் நொதியங்களும் உயர்ந்தன என்றும், கட்டுகளை நீக்கியதும் அவை குறைந்தன என்றும் பதிவாகியிருக்கிறது. தேர்ந்த வைத்தியர்களின் கண்காணிப்பில் இருந்தவருக்கே அப்படி நேர்ந்தது என்றால், வீட்டில் அளவு தெரியாமல் பூசுவதைப் பற்றி என்ன சொல்வது?

இலையின் பங்கு அற்பமானது என்று நான் சொல்ல வரவில்லை. துணிக்கையின் போர்வை எந்த இலையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அதன் பருமனும், உப்பு நீரில் அது எவ்வளவு நேரம் கட்டியாகாமல் தாக்குப் பிடிக்கிறது என்பதும் மாறுகின்றன. வல்லாரையிலுள்ள ஆசியாற்றிக்கோசைட்டு, தோலின் உட்படையில் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது என்பது ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. 2008இல் தொடங்கப்பட்டு, இப்போது ஹோமாகமவில் இயங்கும் நனோ தொழினுட்ப நிறுவனமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. மூலிகையை அறிந்தவர்களும் துணிக்கையை அளக்கக்கூடியவர்களும் ஒரே மேசையில் அமர்வதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் ஒன்று கிடைப்பது அரிது. ஆனால் இலை ஒவ்வொரு முறையும் ஒரே இலையாக இருப்பதில்லை. கச்சான் காற்றில் காய்ந்து நிற்கும் ஆவணி வேம்பும், மாரி மழையில் துளிர்த்த மார்கழி வேம்பும் ஒரே சாற்றைத் தரமாட்டா. என் மாணவர்கள் இரு பருவத்திலும் எடுத்த சாறுகளில், ஒன்று மதியத்துக்குள் நிறம் மாறியது. மற்றது மறுநாள் காலைவரை காக்க வைத்தது. மருந்து என்று பெயர் பெற வேண்டுமானால் இந்த வேறுபாட்டை அடக்கியாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007இல் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தினர் வெள்ளி நனோ துணிக்கைகளை எரிகாயம் பட்ட சுண்டெலிகளில் பரிசோதித்து, வெள்ளி சல்பாடயசீனைவிட விரைவாகவும் வடு குறைவாகவும் காயம் ஆறியதைக் காட்டினார்கள். அதன் பின்னர் வந்த மூலிகை ஜெல் ஆய்வுகளிலும் பெரும்பாலானவை எலியோடு நிற்கின்றன. எலியின் தோல் தளர்ந்தது. அதன் புண் பெரும்பாலும் ஓரங்கள் சுருங்கி ஒன்றையொன்று நெருங்குவதால் மூடுகிறது. மனிதத் தோலோ ஓரங்களிலிருந்தும் மயிர்ப் புடைப்புகளிலிருந்தும் புதிய கலங்கள் ஊர்ந்து வந்தே பெரும்பாலும் மூடுகிறது. ஆகவே எலியில் ஒரு வாரம் முந்தி ஆறியது என்பதை அப்படியே மனிதனின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அப்படியிருந்தும் இந்த ஜெல்களின் மேல் எனக்கு உள்ள நம்பிக்கை குறையவில்லை. அதற்குக் காரணம் வெள்ளியைவிட ஜெல்தான். 1962இல் ஜோர்ஜ் வின்ரர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த பரிசோதனையில், காய விடப்பட்ட புண்ணைவிட ஈரமாக மூடி வைக்கப்பட்ட புண் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதிய தோலால் மூடியது. ஜெல் புண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. ஒளிபுகுவதால் துடைக்காமலே கீழே பார்க்கலாம். நீரை ஊற்றினால் இறங்கிவிடுகிறது. புண்ணிலிருந்து ஊறும் நீரின் உப்பு கார்போமரை இளக்கிவிடும் என்பது ஒரு குறை. அதைச் சரிசெய்யும் வழிகளைத் தேடுவதும் இப்போது இந்த ஆய்வுகளின் ஒரு பகுதி.

மருந்து கட்டுவது ஒரு நாள் குறைந்தால் அது எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வரும் தாய்க்கு, அன்றைய கூலியும் போய்விடுகிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை அந்தப் பக்கத்தவர்கள் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித் துறையைக் கடந்து வந்தார்கள். எரிகாயங்களால் உலகில் ஆண்டுதோறும் இறப்போர் ஏறத்தாழ 180,000 பேர் என்றும், அவர்களில் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாத வீடுகளில் குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்களை என் தலைமுறை மறந்திருக்காது. அந்த விளக்குக்கு மாற்றாக, மார்மைற் போத்தலின் வடிவைப் பார்த்து, குள்ளமான, உருளாத, திருகு மூடியுள்ள விளக்கை உருவாக்கிய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அவர் நம் நாட்டு அடுப்படியையும் விளக்கையும் பார்த்துத் தீர்வு தேடினார்; ஜெல் ஆய்வு செய்பவர்களும் ஒருமுறை வந்து மருந்து கட்டும் அறையில் நின்று பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

என் மாணவர்களிடம், பற்றீரியா வளையத்தை அளக்க எங்களுக்கு வசதியில்லை, ஆனால் வேறொன்றை அளக்கலாம் என்று சொன்னேன். கூரை ஓட்டுத் துண்டுகளில் முட்டை வெள்ளைக்கருவைப் பூசி, ஒன்றில் வெறும் கோஸ் துணியையும், ஒன்றில் வெள்ளைக் கிறீம் தடவிய துணியையும், ஒன்றில் எங்கள் ஜெல் தடவிய துணியையும் ஒட்டி, ஓர் இரவு காய விட்டோம். புண்ணிலிருந்து ஊறும் புரதத்துக்கு வெள்ளைக்கரு ஒரு பதிலி. மறுநாள் துணியின் நுனியில் விற்றராசின் கொளுவியை மாட்டி மெல்ல இழுத்தார்கள். வெறும் துணி வரவே இல்லை. ஓட்டுத் துண்டே மேசையிலிருந்து எழும்பியது. ஜெல் தடவியது, சில சொட்டு நீர் விட்டதும், தராசின் முள் அசைந்தது தெரியாமலே கழன்று வந்தது. கிறீம் தடவிய துணியும் வந்தது. ஆனால் ஓட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படிந்திருந்தது. கிண்ணியா மாணவி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். என் பெறாமகளின் கையில் நான் பார்த்த அதே ஆடை. நிறுத்தற்கடிகாரத்தை எடுத்து வரச் சொல்லி, அதை முழுவதும் துடைத்தெடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்க்கும்படி அவர்களிடம் சொன்னேன்.